சுமக்கிற மாட்டைப் பார்த்தீர்களா? (கால்நடை கேள்வி – பதில்)

போன இதழில் கருமாற்றம் (ஒரு பசுவின் கருவை எடுத்து வேறு மாட்டின் கருப்பையில் வைப்பது) பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், தபால்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கும் அளவுக்குக் கடிதம் வந்துவிட்டது. அதனால் இந்த மாதம் பக்கம் முழுவதும் அதற்கே. ஆட்டுக்குக் கழிச்சல், கோழிக்கு அம்மை என்று எழுதியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் பக்கத்து மாட்டாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், என் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

"என் அக்கா மகன் ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்து பக்கம் ஒரு கறி மாட்டுப் பண்ணையில் வேலை பார்க்கிறான். 40 மாட்டுக்குக் கரு வைத்தார்களாம், 22 சினை பிடித்ததாம். அதற்கே முதலாளி எல்லாருக்கும் விருந்து வைத்தாராம். இத்தனை செலவு செய்து பாதிக்குப் பாதி என்றால் தோல்விதானே டாக்டர்?" – ஒரு வாசகர், களக்காடு

விருந்து வைத்தது சரிதான் அண்ணாச்சி. 40-க்கு 22 என்றால் நூற்றுக்கு 55. நல்ல கருவை உறைய வைக்காமல் எடுத்த அன்றைக்கே வைத்தால் நூற்றுக்கு 60 வரை, எல்லாம் கூடி வந்தால் அதற்கு மேலும் பிடிக்கும். திரவ நைட்ரஜனில் உறைய வைத்த கரு என்றால் 50-ஐ ஒட்டி நிற்கும். நம் பக்கம் முதல் சினை ஊசியிலேயே (காளையின் விந்தைக் குழலால் செலுத்துவது) பிடிக்கிற மாடு பாதிக்கும் குறைவு. அதை மனதில் வைத்துக்கொண்டு அந்த 55-ஐப் பாருங்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நல்ல வம்சத்துப் பசு ஒன்றுக்குக் காலையும் மாலையுமாக 4 நாள் ஹார்மோன் ஊசி போடுவார்கள். பருவத்துக்கு ஒரு முட்டை விடுகிற பசு அப்போது கொத்தாக விடும். சினை ஊசி போட்டு, 7-ஆம் நாள் கருப்பைக்குள் ரப்பர் குழாய் விட்டு மருந்துத் தண்ணீரால் அலசி எடுப்பார்கள். அலசிய தண்ணீரில் கருவைத் தேடுவது நுண்ணோக்கியில் நடக்கிற வேலை. ஏனென்றால் அந்தக் கரு ஒரு கேப்பை மணியின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஒரு தடவை அலசினால் சராசரியாக 5, 6 நல்ல கரு தேறும். ஆனால் சராசரியை நம்பிப் பந்தல் போடக் கூடாது. ஒரு பசு 15 கொடுக்கும், அதே தீனி தின்ற பக்கத்துப் பசு ஒன்றுகூடக் கொடுக்காது. கிடைத்ததை 1 முதல் 4 வரை தரம் பிரிப்பார்கள்: 1 நல்லது, 2 சுமார், 3 மோசம், 4 செத்தது. அப்புறம் ஒவ்வொன்றாக வேறு மாடுகளின் கருப்பையில் கொண்டுபோய் வைப்பார்கள். மாட்டில் இப்படி முதல் கன்று பிறந்தது 1950-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் விஸ்கான்சினில். அன்றைக்கு அறுவை செய்துதான் வைத்தார்கள். உறைய வைத்த கருவில் முதல் கன்று 1973-இல் இங்கிலாந்தில் பிறந்தது. இப்போது சினை ஊசி போடுகிற மாதிரியே, பின்வழியாகக் கை விட்டுப் பிடித்துக்கொண்டு நீளக் குழலால் வைத்துவிடுகிறார்கள்.

கறி மாட்டில் இதற்கு மேல் ஒரு தொந்தரவு உண்டு. நாம் பால் மாட்டின் கன்றைப் பிரித்துக் கட்டுகிறோம். அங்கே கன்று தாயோடே மேயும், நினைத்த நேரம் குடிக்கும். கன்று காலடியில் நின்று குடித்துக்கொண்டிருந்தால் தாய் மறுபடி பருவத்துக்கு வரத் தாமதமாகும். தாய் மெலிந்தும் இருந்தால் கேட்கவே வேண்டாம். அப்படிப்பட்ட மாட்டை ஊசி போட்டு வலிய பருவத்துக்குக் கொண்டுவந்து முதல் தரக் கருவை வைத்தாலும் அது தங்குவது சந்தேகம்தான்.

குயின்ஸ்லாந்தில் பெரும்பாலும் திமில் உள்ள பிராமன் மாடு. அதன் முன்னோர் இந்தியாவிலிருந்து போனவை. பிரேசிலில் கறிக்கு வளர்க்கும் நெலோர் மாட்டின் பெயரே நம் பக்கத்து நெல்லூர்தான், ஓங்கோல் மாட்டின் வம்சம். திமில் மாட்டுக்குப் பருவம் சீமை மாட்டைவிடக் குறுகிய நேரம்தான் நிற்கும், அதுவும் பல நேரம் ராத்திரியில் வந்து போய்விடும். மேய்ச்சலில் கிடந்து மனிதக் கை படாத மாட்டைக் கூண்டில் அடைத்தால் முட்டி மோதி மிரளும். மிரண்ட மாட்டில் சினை பிடிப்பது குறையும். அடுத்த தடவை போனில் பேசும்போது மருமகனிடம் அந்த 18 மாட்டைப் பற்றிக் கேளுங்கள்: எத்தனை மெலிந்திருந்தன, எத்தனைக்குக் காலடியில் கன்று, எத்தனை கூண்டில் ரகளை செய்தன. கருவைக் குறை சொல்வதற்கு முன்னால் பதில் பாதி அதிலேயே கிடைத்துவிடும்.

"எங்களிடம் 3 கலப்பின ஜெர்சி மாடு உண்டு. ஒருவர் வந்து, கிர் இனக் கரு இருக்கிறது, முதல் தரம், சான்றிதழோடு வைத்துத் தருகிறேன் என்கிறார். எதைப் பார்த்து முடிவு செய்ய?" – ஒரு வாசகர், முக்கூடல்

அவர் உங்கள் மாட்டைப் பார்த்தாரா? கடிதத்தில் அதைத் தவிர எல்லாம் இருக்கிறது. காளையின் பெயர், அதன் தாய் கறந்த பால், சான்றிதழின் நிறம்கூட எழுதியிருக்கிறீர்கள். 9 மாதம் சுமக்கப்போகிற மாடு பற்றி '3 கலப்பின ஜெர்சி' என்பதோடு சரி. எத்தனை ஈத்து, கடைசிக் கன்று எப்போது போட்டது, நஞ்சுக்கொடி தானாக விழுந்ததா, கை விட்டு எடுத்தார்களா, ஒன்றும் இல்லை.

முதலில் நாள் கணக்கு. 7 நாள் வயதுக் கரு, பருவம் வந்து 7 நாள் ஆன கருப்பைக்குள்தான் போக வேண்டும். ஒரு நாள் முன்பின் ஆனால் பாதகமில்லை. அதற்கு மேல் விலகினால், வீடு பூட்டியிருக்கும்போது விருந்தாளி வந்த கதைதான். கரு சும்மா ஒட்டிக்கொண்டு கிடப்பதில்லை, 'நான் இருக்கிறேன்' என்று கருப்பைக்குச் சேதி அனுப்ப வேண்டும். பருவம் வந்த 15, 16-ஆம் நாள் வாக்கில் அந்தச் சேதி போய்ச் சேராவிட்டால் மாடு அடுத்த பருவத்துக்குத் தயாராகிவிடும். பிந்தி வளர்கிற கரு பிந்திச் சேதி அனுப்பும், அதற்குள் காரியம் முடிந்துபோகும்.

இதில் நானே சறுக்கியிருக்கிறேன். சர்வீஸில் இருந்தபோது மானூர்ப் பக்கம் ஒரு கிராமம். நல்ல கலப்பினப் பசு, மூன்றாம் ஈத்து, உடம்பில் குறை சொல்ல முடியாது. பருவத்துக்கு வந்தது எப்போது என்று கேட்டேன். வியாழக்கிழமை என்றார் வீட்டுக்காரர், வழும்பு (பருவத்தில் பின்வழியே ஒழுகும் சளி) விட்டதைப் பார்த்தாராம். குறித்துக்கொண்டேன். அடுத்த வியாழக்கிழமை கரு வைத்தோம். பிடிக்கவில்லை. பிற்பாடு வேறு மாட்டுக்கு அந்தத் தெருவுக்குப் போனபோது, தொழுவில் சாணி அள்ளிக்கொண்டிருந்த அந்த வீட்டம்மாவிடம் பேச்சு வந்தது.

"செவ்வாக்கிழம விடியக்காலமே கத்திச்சுல்லா சார்! வியாழக்கிழம வந்தது ரத்தம்லா."

வீட்டுக்காரர் செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தைக்குப் போய்விட்டிருக்கிறார். பருவம் முடிந்து இரண்டு நாளில் சில மாட்டுக்கு வழும்போடு ரத்தம் கலந்து வரும், அது பருவம் போய்விட்டதற்கு அடையாளம். அவர் அதைத்தான் பார்த்திருக்கிறார். நான் வைத்தது 9-ஆம் நாள் கருப்பையில் 7-ஆம் நாள் கரு. "எங்கிட்ட யாரும் கேக்கலியே" என்றார் அந்தம்மா. கேட்காதது என் தப்புதான். அப்புறம் நான் எந்த வீட்டுக்குப் போனாலும் சாணி அள்ளுகிறவர் யார் என்று முதலில் விசாரித்துவிட்டுத்தான் நோட்டை எடுப்பேன்.

நாள் சரியாக இருந்தாலும், வைக்கிறவர் அன்றைக்கு மாட்டைக் கை விட்டுப் பார்த்தே ஆக வேண்டும். சினைப்பை வாதாங்காயைவிடச் சற்றுச் சிறியது. முட்டை வெடித்த பக்கத்தில் அதன் மேல் ஒரு சுண்டைக்காயை ஒட்ட வைத்தது போல ஒரு முகிழ் தட்டுப்படும். அதை நாங்கள் சி.எல். என்போம், சினையைக் காக்கிற ஹார்மோன் அங்கிருந்துதான் வருகிறது. அந்த முகிழ் இடப்பக்கம் இருந்தால் கரு இடப்பக்கக் கருப்பைக் கொம்புக்குள் போக வேண்டும், வலப்பக்கம் என்றால் வலப்பக்கம். கையில் தட்டுப்படவில்லை என்றால் அன்றைக்குக் கரு வைக்கக் கூடாது, அவ்வளவுதான். பணம் வாங்கியாகிவிட்டது என்று வைத்துவிட்டுப் போகிறவரும் உண்டு. உங்கள் ஆள் கை விட்டுப் பார்த்துவிட்டு 'இந்த மாடு வேண்டாம்' என்று சொன்னால் கோபப்படாதீர்கள், அவர்தான் நம்பத்தக்கவர். 3 மாட்டில் ஒன்று கழிந்துபோவது சாதாரணம்.

அடுத்து குச்சியை, அதாவது உறைய வைத்த கரு இருக்கிற மெல்லிய குழாயை, உருக்குவது. சினை ஊசிக்குப் பழகிய கை இங்கே தப்புச் செய்யும். விந்துக் குச்சியை 37 டிகிரித் தண்ணீரில் அரை நிமிடம் போடுவோம். கருக் குச்சியை அப்படி முக்கினால் கருவின் மேலோடு விரிசல் விடலாம். நைட்ரஜன் குடுவையிலிருந்து எடுத்ததும் காற்றில் 5 முதல் 10 விநாடி பிடித்துக்கொண்டு வாய்விட்டு எண்ண வேண்டும். பிறகு 25 முதல் 30 டிகிரித் தண்ணீரில் 10, 15 விநாடி. தொட்டால் சுடவும் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது, காலை வெயில் பட்ட குளத்துத் தண்ணீர் மாதிரி. துடைத்துக் குழலில் ஏற்றி 10 நிமிடத்துக்குள் மாட்டுக்குள் போய்விட வேண்டும். ஆகவே மாட்டைக் கட்டி, சாணியை எடுத்து, வால் மூட்டில் மரப்பு ஊசி போட்டு, பின்புறத்தைக் கழுவித் துடைத்து நிறுத்திய பிறகுதான் குச்சியை எடுப்பது. குச்சியை உருக்கிவிட்டு மாட்டைத் தேடுகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மாட்டின் உடம்பு: கன்று போட்டு 60 நாளாவது கழிந்திருக்க வேண்டும், இரண்டு பருவமாவது ஒழுங்காக வந்திருக்க வேண்டும். நின்று பார்த்தால் விலாவை எண்ண முடியக் கூடாது, வாலடியில் கொழுப்புத் திரண்டும் இருக்கக் கூடாது. தடித்த மாட்டைப் பார்த்து 'நல்ல வாளிப்பு' என்போம், ஆனால் அதிலும் சினை நிற்பது குறைவு. கரு வைக்கப்போகிறோம் என்று ஒரு வாரத்துக்கு முன் திடீரெனப் பருத்திக்கொட்டையும் புண்ணாக்குமாக அள்ளிப் போடுகிறார்கள், அது வேண்டாத வேலை. தீனியை மாற்றுவதென்றால் இரண்டு மாதம் முன்பே மெல்ல மாற்றுங்கள். தாது உப்புக் கலவை தினம் 50 கிராம், பசும்புல் கொஞ்சமாவது. பிசானம் அறுத்த வைக்கோலை மட்டும் தின்று நிற்கிற மாட்டுக்கு எந்த நாட்டுக் கரு கொண்டுவந்தாலும் கை கொடுக்காது. கருச்சிதைவு நோய்க்கு ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

கடைசியாக அந்தச் சான்றிதழ். அதில் கரு அலசி எடுத்ததா, ஆய்வுக்கூடத்தில் கருத்தரித்ததா என்று பாருங்கள். இரண்டாவது வகை கூடாது என்று சொல்லவில்லை, பிரேசிலில் பெரும்பாலும் அதுதான். ஆனால் உறைய வைத்தால் அது தாங்குவது குறைவு, சினை பிடித்த பிறகும் முதல் இரண்டு மாதத்தில் கலைவது சற்றுக் கூடுதல். விலை பேசும்போது இதையும் பேசுங்கள். கரு வைத்ததற்குப் பணமா, சினை உறுதியானதற்குப் பணமா என்பதை எழுதி வாங்குங்கள்.

"சுமக்கிற மாட்டின் ரத்தம் கன்றுக்குப் போகுமா? எங்கள் வீட்டு மாடு கறுப்பு. வைக்கப்போவது சிவப்பு மாட்டுக் கரு. கன்று என்ன நிறம் வரும்?" – ஒரு வாசகி, சேரன்மகாதேவி

நிறம், கொம்பு, திமில், மடி எல்லாம் கருவைக் கொடுத்த தாய் தகப்பனோடது அம்மா. உங்கள் கறுப்பி அதில் ஒரு மயிரைக்கூட மாற்ற முடியாது. ஆனால் அவள் வெறும் பெட்டி என்று நினைத்துவிடாதீர்கள். கன்று பிறக்கும்போது எவ்வளவு கனம் இருக்கும் என்பதில் அவள் உடம்புக்கும் பங்குண்டு. சீம்பால் அவளோடது, அதில் வருகிற நோய் எதிர்ப்பு உங்கள் தொழுவத்துக் கிருமிகளை அவள் பார்த்துப் பழகியதால் வருவது. நான் கவலைப்படுவது நிறத்தைப் பற்றியல்ல, இடுப்பைப் பற்றி. பெரிய இனத்துக் கருவைச் சின்ன மாட்டில், அதுவும் தலை ஈத்துக் கிடேரியில் வைத்தால் ஈனும்போது கன்று சிக்கும். கறுப்பி இதற்கு முன் இழுக்காமல் கொள்ளாமல் ஈன்றவளா? அதை எழுதுங்கள், பிறகு சொல்கிறேன்.

"கருவை வலப்பக்கம் வைத்தால் காளைக்கன்று, இடப்பக்கம் வைத்தால் கிடேரி என்று என் மச்சான் சொல்கிறார். நிஜமா?" – பெயர் வேண்டாம், பாப்பாக்குடி

பெயர் போடவில்லை, மச்சான் படித்தால் சண்டை வருமே! விந்தும் முட்டையும் சேர்ந்த நொடியிலேயே ஆணா பெண்ணா என்பது முடிந்துவிட்டது. 7 நாள் கழித்து எந்தப் பக்கம் வைத்தால் என்ன? கிடேரிதான் வேண்டும் என்றால் பாலினம் பிரித்த விந்தில் உருவான கருவைக் கேளுங்கள், அதில் 10-க்கு 9 கிடேரி விழும்.

"எங்கள் பக்கம் வெயிலும் காற்றும்தான். பங்குனி, சித்திரையில் சினை ஊசி போட்டால் நிற்பதே இல்லை. கரு வைத்தாலாவது நிற்குமா?" – ஒரு வாசகர், ராதாபுரம்

ஊசியைவிடக் கருவுக்கு வாய்ப்பு அதிகம், காரணமும் இருக்கிறது. வெயில் அதிகம் கெடுப்பது முட்டையையும், சேர்ந்த முதல் இரண்டு மூன்று நாள் கருவையும். 7-ஆம் நாள் கரு அந்தக் கண்டத்தைத் தாண்டி வந்தது, சூட்டைக் கொஞ்சம் தாங்கும். ஆனால் வெயிலில் பருவமே தெரியாது. மாடு கத்தாது, மேலே தாவாது, வழும்பு மட்டும் லேசாக விட்டுவிட்டு நின்றுவிடும். மறுபடி அதே நாள் கணக்குப் பிரச்சினைதான். விடிய 4 மணிக்கும் ராத்திரி 10 மணிக்கும் ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள். தகரக் கூரை என்றால் மேலே தென்னங்கீற்றைப் போட்டு மூடுங்கள். மத்தியானம் நனைத்த சாக்கை மாட்டின் மேல் போட்டு மூடுகிறவர்கள் இருக்கிறார்கள், காற்று இல்லாத இடத்தில் அது புழுக்கும். தண்ணீரை உடம்பில் ஊற்றிக் காற்று படும்படி நிறுத்துங்கள், உங்கள் ஊரில் காற்றுக்குப் பஞ்சமில்லை. கரு வைத்த பிறகு ஒன்றரை மாதம் லாரியில், டெம்போவில் ஏற்றாதீர்கள்.

"என் அப்பா காலத்திலிருந்து வருகிற நாட்டுப்பசுவின் வம்சம் இது. 9 ஈத்து ஆகிவிட்டது. சாவதற்குள் கரு எடுத்து வைத்துவிட முடியுமா?" – ஒரு வாசகர், சங்கரன்கோவில்

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வயதான பசுவின் சினைப்பை ஹார்மோன் ஊசிக்குச் சரியாக அசையாது, செலவு செய்து அலசினால் வெறும் தண்ணீர் வரலாம். ஊசி வழியாகச் சினைப்பையிலிருந்து முட்டையை நேரே உறிஞ்சி எடுத்து ஆய்வுக்கூடத்தில் கருவாக்கும் வழி ஒன்று உண்டு, அதற்கும் உத்தரவாதம் கிடையாது. ராமையன்பட்டியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஒரு தடவை நேரில் போய், பசுவைக் காட்ட என்ன வழி என்று கேளுங்கள். ஆனால் அதன் மகள், பேத்தி ஏதாவது தொழுவில் நிற்கிறதா? நின்றால் முதல் காரியமாக அதை விற்காமல் வையுங்கள். அதற்கு ஒரு நல்ல நாட்டுக்காளையின் விந்து போட்டால் செலவு சில நூறு ரூபாய்தான்.

"கரு வைத்து 21 நாள் ஆகிவிட்டது. மாடு கத்தவில்லை. சினை என்று எடுத்துக்கொள்ளலாமா? கன்று போடும் நாளை எப்படி எண்ண?" – ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

இன்னும் வேண்டாம், ஒரு சின்னத் தப்பும் நடந்திருக்கிறது. 21-ஐ எண்ண வேண்டியது கரு வைத்த நாளிலிருந்து அல்ல, அதற்கு 7 நாள் முன்பு பருவம் வந்த நாளிலிருந்து. ஆகவே உங்கள் மாடு மறுபடி பருவத்துக்கு வருவதாக இருந்தால் கரு வைத்த 14-ஆம் நாள் வாக்கிலேயே வந்திருக்கும். நீங்கள் 21-ஆம் நாள் உட்கார்ந்து பார்த்தீர்கள், ஒரு வாரம் முன்பு யாராவது பார்த்தார்களா? ஸ்கேன் வசதி இருந்தால் பருவம் வந்த நாளிலிருந்து 30 நாளில் பார்த்துவிடலாம். கை விட்டுப் பார்ப்பதென்றால் 60 நாள் கழியட்டும், அதற்கு முன் அவசரப்பட்டு அமுக்க வேண்டாம். ஈனும் நாளையும் அதே பருவ நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். ஜெர்சிக் கரு என்றால் 280 நாளை ஒட்டி, திமில் இனத்துக் கரு என்றால் அதற்கு மேல் ஐந்து, பத்து நாள். வைத்த நாளிலிருந்து எண்ணிவிட்டு 'இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே' என்று நீங்கள் கல்யாண வீட்டுக்குப் போயிருக்கும்போது மாடு ஈன்றுவிடும்.

மறு கடிதத்தில் பருவம் வந்த தேதியை எழுதுங்கள். காலையா மாலையா என்பதும் வேண்டும். உங்களுக்கு ஞாபகம் இல்லையென்றால் வீட்டில் கேட்டு எழுதுங்கள்.